இன்னும் பொறுமை குளிரறை

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என் அப்பாவின் வீடு இந்த ஏரிக்கு அடியில் கிடக்கிறது, அதன் மீது சத்தியம். என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களின் மீதும் சத்தியம். பாதிரியாரிடம் ஒரு தரம், ஏரிச்சாமிக்குப் பூசை வைக்கிறவரிடம் ஒரு தரம் இதே கதையைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருமே தலையை ஆட்டினார்கள். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்பதை நான் கவனிக்கவில்லை.

எங்கள் ஊர் சேனுக்கோப்பே. தெற்கே அணை கட்டியபோது ஆறு பின்பக்கமாக ஏறி வந்து ஏரியாகி, காட்டையும் கல்லறையையும் என் அப்பா ஆற்றோரத்தில் கட்டிய வீட்டையும் விழுங்கியது. தண்ணீர் வந்த வேளையில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மக்காச்சோள மாவில் கிண்டிய அக்ப்ளே உருண்டையைப் பிய்த்து மீன்குழம்பில் தோய்த்து வாயில் வைப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. இருந்தாலும் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுந்தார். மூழ்கிய மரங்கள் இன்றைக்கும் அடியில் நின்றபடி இருக்கின்றன. கோடையில் அவற்றின் மண்டை வெளியே தெரியும். மழைக்காலத்தில் நம் கண்ணுக்குத் தெரியாது, படகுக்குத் தெரியும். இந்தத் தண்ணீர் அணைக்குள் போய்ச் சுழன்றுதான் தலைநகரத்தில் விளக்கெரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, எழுதி, பாஸாகிறார்கள்.

நான் வலை பின்னுகிறவன். கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகின் மேல் உட்கார்ந்துதான் முப்பது வருஷமாக வேலை. அந்தப் படகுக்கு நேர் எதிரே அக்பேனேயின் மீன் அடுப்புகள். ஆகவே அவள் குடும்பத்தில் நடந்ததையெல்லாம் நான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஏற்பட்டதில்லை. தலையை நிமிர்த்தினால் போதும்.

அக்பேனே மீன்காரி. ஆண்கள் பிடித்து வருவதைக் கரையிலேயே வாங்கி, அலசி, களிமண் அடுப்பின் மேல் கம்பிவலை போட்டு அடுக்கிப் புகையில் வாட்டி, வாரச் சந்தைக்குப் படகில் கொண்டுபோவாள். விரல் நீளப் பொடிமீன் ஒன்று உண்டு, ‘ஒரு ஆளுக்கு ஆயிரம்’ என்று அதற்குப் பெயர். அதைப் புகையில் புரட்டுவதற்குப் பொறுமை வேண்டும். ஜிலேபி மீனைப் புரட்டக் கைத்தோல் வேண்டும். அவளுக்கு இரண்டும் இருந்தன. மழைக்காலத்தில்தான் வலையில் மீன் கொட்டும். அதே மழைக்காலத்தில்தான் விறகு நனைந்து அழும். புகை வரும், சூடு வராது. இரண்டாம் நாள் மீன் நெளியத் தொடங்கும். பாதியை ஏரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இருமிக்கொண்டு வீடு திரும்புவாள்.

அவள் புருஷன் டோட்ஸே, மீன் பிடிக்கிறவன். பேசமாட்டான். “மழை வருமா டோட்ஸே?” என்று காலையில் கேட்டால், சாயங்காலம் நனைந்தபடி வந்து “ம்” என்பான். தன் படகின் விலாவில் நீலப் பெயிண்டால் ‘இன்னும் பொறுமை’ என்று எழுதிவைத்திருந்தான். அவன் ஆயுளில் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

லரிபா மேடம் வந்தது ஒரு கோடையில். அரசாங்கமும் வெளிநாட்டுக்காரர்களும் சேர்ந்து நடத்தும் சிறுதொழில் ஆதரவுத் திட்டத்தின் அதிகாரி. வடக்கத்திப் பெண், நீச்சல் தெரியாது. படகிலிருந்து இறங்கும்போது கையில் ஃபைலையும் பல்லில் உயிரையும் பிடித்திருந்தாள். வேப்பமரத்தடியில் மீன்காரிகள் ஏழு பேரை உட்காரவைத்து ஏழு நாள் பயிற்சி கொடுத்தாள். எட்டாவது ஆளாக நானும் போனேன். மத்தியானச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. அஞ்சு வருஷம் கழிச்சு உங்க தொழில் எப்படி இருக்கும்னு மனசுல பாருங்க” என்றாள்.

“கண்ண மூடினா தூங்கிருவேன் மேடம். விடியறதுக்கு முன்ன எந்திரிச்சவ” என்றாள் அக்பேனே.

“சரி, தொறந்துக்கிட்டே சொல்லுங்க. என்ன தெரியுது?”

“மீனு.”

“அது இப்பவும் இருக்கே. அஞ்சு வருஷம் கழிச்சு?”

“அப்பவும் மீனுதான். வேற என்னத்த மேடம், யானையா விக்கப்போறேன்?”

அக்பேனேயோடு பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தாள். அப்புறம் அட்டையில் படம் வரைந்து விளக்கினாள். இந்தப் பக்கம் வாங்குகிறவர், அந்தப் பக்கம் சரக்கு கொடுக்கிறவர், நடுவில் நீங்கள். “வாங்கறவங்க மூஞ்சிதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சரக்கு கொடுக்கறவர மறந்துருவோம். அது தப்பு. அவர் இல்லேன்னா நீங்க இல்ல. அவரக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கணும்.”

“எனக்குச் சரக்கு கொடுக்கறவரு வீட்லதான் மேடம் இருக்காரு. கண்ணுக்குள்ள வெக்க முடியாது, ஆள் கொஞ்சம் பருமன்.”

கடைசி நாள் மேடம் அக்பேனேயைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். “நெசமா உங்களுக்கு என்ன வேணும்?”

“மீன் வாங்க வர்றவங்கிட்ட ‘நாளைக்கு வா’ன்னு ஒரு தடவ சொல்லணும் மேடம். எங்கம்மாவால அது முடியல. என்னாலயும் முடியல. வந்தவன் கேட்ட வெலைக்கு இன்னிக்கே கொடுத்தாகணும், இல்லேன்னா புழு.”

ஒன்பது மாதம் கழித்து மேடத்தின் திட்டத்திலிருந்து குளிரறை வந்தது. இரண்டு யானையை உள்ளே நிறுத்தலாம், அவ்வளவு பெரிய வெள்ளைப் பெட்டி. மிதவைப் படகில் கொண்டுவந்து, ஊரே வடம் பிடித்து இழுத்துக் கரையேற்றினோம். வழியில் கம்பங்கள் குறுக்கிட்டன. ஒரு தேர்தலுக்கு முந்தின மாதம் நட்ட விளக்குக் கம்பங்கள் அவை, கம்பி மட்டும் வரவில்லை. அவற்றில் நாங்கள் வலை காயப்போட்டிருந்தோம். வலைகளை அவிழ்த்து வழிவிட்டோம். டோட்ஸே படகுக்கு வாங்கிய பெயிண்டில் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்து, பெட்டியின் நெற்றியில் அதே இரண்டு வார்த்தையை எழுதினான். கதவின் உட்புறம் மேடம் ஒரு தாளை ஒட்டினாள். ‘மீனுக்கு மட்டும். வேறு உபயோகம் கண்டால் குளிரறை வேறு கரைக்கு மாற்றப்படும்.’ எனக்கு அதில் காவல்காரன் உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் தினம் ஒரு மீன்.

அந்தக் குளிரைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் குறைத்தே சொல்கிறேன். முதல் நாள் ஓர் ஈ உள்ளே பறந்துபோய் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டது. அதை எடுத்து வெயிலில் வைத்தேன். பத்து நிமிஷத்தில், விட்ட இடத்திலிருந்து பறந்தது. பாதிரியார் வந்து பார்த்துவிட்டு, நரகத்தில் நெருப்பு மட்டுமல்ல, இப்படி ஓர் அறையும் உண்டு என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். மார்ச் மாதத்துக்கு மட்டும் அங்கே போய்விட்டு வர முடியுமா என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள்.

அக்பேனே தன் வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சந்தைப் படகில் வந்த தடித்த வியாபாரி ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வழக்கம்போல் அடிமாட்டு விலை கேட்டாள்.

“இஷ்டம்னா கொடு. இல்லேன்னா நாத்தம் புடிச்ச பிறகு நீயே கூப்பிடுவ.”

அக்பேனே முந்தியில் கையைத் துடைத்தாள். “நாளைக்கு வா” என்றாள்.

“என்னது?”

“நாளைக்கு. இல்ல, அடுத்த வாரம்கூட வா. அவசரமில்ல.”

வியாபாரி வாயைப் பிளந்தபடி படகுக்குத் திரும்பிப் போய், பாதியில் திரும்பி வந்து, அக்பேனே சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அக்பேனே எனக்கு இரண்டு மீன் கொடுத்தாள். டோட்ஸே அடுப்போரத்தில் உட்கார்ந்து மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “ம்” என்றான். அப்படி நான்கு மாதம். அவள் இருமல்கூட நின்றுவிட்டது.

ஐந்தாவது மாதம் மழை பிடித்தது, டோட்ஸேவுக்குக் காய்ச்சல் பிடித்தது. அக்பேனே வேப்பிலையும் எலுமிச்சைப் புல்லும் காய்ச்சி ஆவி பிடிக்கவைத்தாள். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரி அக்கரையில். காற்றடிக்கிறபோது எந்தப் படகோட்டியும் அந்த மரமண்டைகளுக்கு நடுவே போகமாட்டான். கட்டாயப்படுத்தவும் முடியாது, அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள். டோட்ஸேவைக் கரையில் பாய் விரித்துப் படுக்கவைத்து, மேலே தார்ப்பாய் பிடித்துக்கொண்டு காற்று நிற்கக் காத்திருந்தோம். ஒரு பக்கத்தை அவள் பிடித்திருந்தாள், இன்னொரு பக்கத்தை நான்.

“காத்து கொறையுதா மாமா?”

“கொறையுது.”

“பொய் சொல்றீங்க.”

“ஆமா.”

காத்திருந்ததில் இரண்டாம் நாள் விடிந்தபோது காற்று நின்றிருந்தது. டோட்ஸேவும் நின்றுவிட்டிருந்தான்.

எங்கள் ஆட்களுக்குச் சொந்த ஊர் என்பது தெற்கே, ஆறு கடலில் சேருகிற பக்கம். இங்கேயே பிறந்து இங்கேயே பல் விழுந்தவனுக்கும் சொந்த ஊர் அதுதான். செத்தால் அங்கே போய்ச் சேர வேண்டும். சும்மா போகவும் முடியாது. நாள் குறிக்க வேண்டும், சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரே மாதிரி துணி எடுத்துத் தைக்க வேண்டும், வெளியூர் போனவர்கள் திரும்பி வர வேண்டும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைப்பார்கள். ஆனால் அக்கரைக்குப் போகத்தான் வழியில்லை. மத்தியானத்துக்குள் காற்று மறுபடி எழுந்துவிட்டது.

டோட்ஸேவின் அண்ணன் ஹோட்டோர் பக்கத்துக் கரையிலிருந்து நடந்தே வந்தார். குடும்பத்துக்கு அவர்தான் தலை. வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. மழைக்கால வெக்கை உங்களுக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் யாரும் யாரையும் காக்கவைக்க முடியாது. என்ன செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வாய் அரிக்கும்.

“எதுக்கு யோசனை? டோட்ஸே கையால எழுதின எடம் ஒண்ணு, ஈயக்கூட கெடாம வெச்சிருக்கே” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஹோட்டோர் மெதுவாகத் தலையைத் திருப்பி, கடவுள் அனுப்பிவைத்த ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தமாஷுக்குத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாய் எப்போது மூடியிருக்க வேண்டுமோ அப்போது திறக்கும், எப்போது திறக்க வேண்டுமோ அப்போது மூடிக்கொள்ளும். பிறவிக் கோளாறு.

“சரியான யோசனை” என்றார் ஹோட்டோர்.

அக்பேனே எழுந்து நின்றாள். “அத்தான், உள்ள மீன் இருக்கு.”

“மீன எடு.”

“எடுத்து எங்க வைக்க? மழைக்கால மீன் அத்தன. அடுப்புல நெருப்பு நிக்கல. அதோட, கதவுல தாள் ஒட்டிருக்காங்க. வேற எதையும் வெச்சா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க.”

“தாளு! என் தம்பி கெடக்கான், நீ தாளப் படிக்கற.”

“அப்படி இல்ல அத்தான்...”

“பின்ன எப்படி? நாளைக்கு ஊர்ல கேப்பாங்க. ‘மீனு குளுகுளுன்னு இருந்துச்சு, புருஷன் வெயில்ல கெடந்தான்’னு. அத நீ சொல்றியா, நான் சொல்லவா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் வலையைப் பார்த்தேன்.

“எத்தன நாளு?” என்று கேட்டாள்.

“மூணு நாள். காத்து நின்னதும் கொண்டுபோயிருவோம். மூணே நாள்.”

“மூணுன்னா மூணுதான?”

“எனக்கு எண்ணத் தெரியாதா அம்மா?”

அவளே மீன்களை வலது பக்கம் ஒதுக்கி அடுக்கினாள். நடுவில் தன் நல்ல சேலைத்துணியைத் திரையாகக் கட்டினாள். இடது பக்கம் பலகை போட்டாள். டோட்ஸேவைக் குளிப்பாட்டி, புதுத்துணி சுற்றி, நாங்கள் நான்கு பேர் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். வெளியே வந்து நான் கதவைச் சாத்தப் போனேன்.

“இருங்க மாமா.” வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு கம்பளியும் அவனுடைய பழைய சட்டையும் கொண்டுவந்தாள். திரும்ப உள்ளே போனாள். வெளியே வர நேரமாயிற்று.

“அவருக்குக் குளிர் ஆகாது மாமா. இத்தன வருஷம் அடுப்போரமாத்தான் படுத்திருக்காரு. என்னப் பாத்து என்ன நெனைப்பாரு?”

நான் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் காற்று நின்றது. ஆனால் தெற்கேயிருந்து செய்தி வந்தது, சொந்த ஊர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை, அந்தக் கோலத்தில் பிணம் போனால் குடும்பத்துக்கு அசிங்கம். ஒரு வாரம் தள்ளினார்கள். அப்புறம், சித்தப்பா எல்லை தாண்டிப் போயிருக்கிறார், வந்தபின்தான். அப்புறம், துணிக்கடைக்காரன் வேறு நிறத்தை அனுப்பிவிட்டான். அப்புறம், அந்த வாரம் ஊரில் வேறொரு பெரிய சாவு, பாட்டுக்காரர்கள் கிடைக்கவில்லை. ஹோட்டோர் ஒவ்வொரு தடவையும் வந்து, “எதுக்குப் பதறணும்? அவன் சௌகரியமாத்தான் இருக்கான்” என்பார். தினம் காசு கட்டும் பிணவறையாக இருந்தால் இத்தனை தரம் தள்ளியிருப்பார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய நேரமல்லவா, வாய் மூடிக்கொண்டது. இருபத்தாறு நாள்.

அந்த இருபத்தாறு நாளும் விடிந்ததும் அக்பேனே கதவைத் திறந்து உள்ளே போவாள். திரைக்கு அந்தப் பக்கம் நின்று, நேற்று யார் வலையில் எவ்வளவு விழுந்தது, யாருடைய படகு மரத்தில் முட்டியது என்று சொல்வாள். ஒருநாள் அவளோடு நானும் போனேன். வலது பக்கத்து மீன்கள் எல்லாம் திரையைப் பார்த்துத் தலையைத் திருப்பி வைத்திருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று திரும்பவில்லை, அதற்கு ஏற்கெனவே கண் தெரியாது.

ஏரிக்கரையில் செய்தி படகைவிட வேகமாகப் போகும். அக்பேனே அந்த மீனைச் சந்தைக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கு அவள் பாத்திரம் எப்படிப் போனதோ அப்படியே வந்தது. கூடப் போன நான் கேட்டதைச் சொல்கிறேன்.

“என்ன அக்பேனே, இது துக்கம் காத்த மீனாச்சே. உப்பு போட வேண்டாம், அழுது அழுது தானே உப்பாயிருக்கும்” என்றாள் ஒருத்தி.

“நடுவுல துணி கட்டிருக்கேன்.”

“எதுக்கு, மீனுக்கு வெக்கமா?”

அந்தத் தடித்த வியாபாரி ஒரு மீனைத் தூக்கி மோந்து பார்த்தாள். மோந்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அவள் குரலில் கேலிகூட இல்லை, அதுதான் கஷ்டம். “நாளைக்குப் பாக்கலாம் அக்பேனே” என்றாள்.

லரிபா மேடம் தணிக்கைக்கு வந்தது இருபத்து நான்காம் நாள். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு படகில் வந்து இறங்கினாள். அக்பேனே அடுப்படியில் அக்ப்ளே கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, தானே கதவைத் திறந்துவிட்டாள். நான் இதைத் தடுக்க வயிற்றுவலி வந்தவன்போல் வாசலில் உருண்டு பார்த்தேன். தாண்டிப் போய்விட்டார்கள்.

உள்ளேயிருந்து மேடத்தின் குரல் கேட்டது.

“திரைக்கு அந்தப் பக்கம் யாரு?”

“என் வீட்டுக்காரர் மேடம்.”

“எப்ப?”

“மூணு வாரம் தாண்டிருச்சு.”

மேடம் வெளியே வந்து என் படகின் மேல் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஃபைலைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். “அக்கா, நான் என்ன எழுதட்டும்? மீனுக்கு மட்டும்னு தெளிவா ஒட்டினேனே. உங்களுக்காக எத்தன பேர்கிட்ட வாதாடி வாங்கினேன் தெரியுமா? அந்தக் கரையில வையுங்கன்னாங்க, வேற கரையில வையுங்கன்னாங்க. இந்த அம்மாதான் ஒழுங்கா நடத்துவாங்கன்னு சொன்னேன்.”

“நீங்க சொன்னபடிதான் மேடம் நடத்தினேன்.”

“நானா சொன்னேன்?”

“பயிற்சியில சொன்னீங்க. வாங்கறவங்கள எல்லாரும் பாத்துக்குவாங்க, சரக்கு கொடுக்கறவர மறந்துருவாங்க, அது தப்புன்னு. அவர் இல்லேன்னா நீ இல்லேன்னு.” அக்பேனே பயிற்சியில் உட்கார்ந்திருந்த மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “எனக்குச் சரக்கு கொடுத்தவரு அவர்தான் மேடம்.”

மேடம் தலையைக் குனிந்துகொண்டாள். தணிக்கைத் தாளில் ‘உள்ளே இருப்பு’ என்று ஓர் இடம் இருந்தது. மீன் என்று ஒரு கட்டம், இதர என்று ஒரு கட்டம். மீன் கட்டத்தில் எழுதினாள். இதர கட்டத்தில் பேனா ரொம்ப நேரம் நின்றது. பிறகு ‘ஒன்று’ என்று எழுதினாள். அக்பேனே அவளுக்குத் தட்டில் அக்ப்ளேயும் மிளகாய் அரைத்து விட்ட குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். குழம்பில் மீன் போடவில்லை. மேடம் தட்டைப் பார்த்தாள். “மீன் இல்லையா அக்கா?” என்றாள். அக்பேனே உள்ளே போய் ஒரு மீனை எடுத்து வந்து சுட்டு வைத்தாள். மேடம் முள்ளை மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டாள். அந்த மீனைத் தின்றது இந்த உலகத்தில் இரண்டே பேர், அவளும் நானும்.

டோட்ஸேவைக் கொண்டுபோனார்கள். சொந்த ஊரில் அவனுக்குச் சுண்ணாம்பு மணக்கும் வீடும், ஒரே நிறத் துணியில் இருநூறு சொந்தக்காரர்களும், மூன்று நாள் மேளமும் கிடைத்தன. உயிரோடு இருக்கும்போது ஒரு படகு கிடைத்திருந்தால் போதும். அக்பேனே தலையை மழித்துக்கொண்டு திரும்பி வந்தாள். குளிரறையிலிருந்த மீனையெல்லாம் நானும் அவளும் பாத்திரம் பாத்திரமாகச் சுமந்து ஏரியில் கொட்டினோம். அதில் சில மீன்கள் நீந்திப் போயின. நான்தான் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதமே ஹோட்டோர் முகம் மலர வந்தார். கூடவே மூன்று கரைகளிலிருந்து பெரியவர்கள்.

“அம்மாடி, உனக்கு நல்ல காலம். இவங்க வீட்லயும் சாவு. அக்கரைக்குப் போறதுக்குப் பதிலா இங்கயே வைக்கலாங்கறாங்க. மீனு தினம் வரணும், சாவு தானா வரும். விக்கற வேலையே இல்ல.”

“நான் மீன்காரி அத்தான்.”

“அட, ரெண்டும் ஒரே குளிர்தானே?”

“நான் மீன்காரி” என்றாள் மறுபடியும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குளிரறையை வேறு கரைக்கு மாற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மேடம் மூன்று தடவை ஆள் அனுப்பிப் பார்த்தாள். மிதவைப் படகுக்காரர்கள் எல்லோரும், பிணம் படுத்த பெட்டியை ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். அது அங்கேயே நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்தது நான்தான். அந்த உறுமல் நின்றதும் ஊரில் எல்லோரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார்கள்.

இப்போது அக்பேனே பழையபடி அடுப்பில்தான் மீன் வாட்டுகிறாள். இந்தச் சந்தையில் அவள் மீனை யாரும் தொடமாட்டார்கள். அதனால் இரண்டு நாள் படகில் போய், தன் பெயர் தெரியாத கரைகளில், வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறாள். இருமல் திரும்பிவிட்டது. ஒருநாள் துணிந்து அவளிடம் சொன்னேன்.

“அன்னிக்கு மரத்தடியில நான் மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா...”

“நீங்க வாயத் தொறக்காம இருந்த நாளு எது மாமா?” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பயிற்சியின்போது யானை என்று சொல்லிச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

தினமும் விடிந்ததும், அடுப்பு மூட்டுவதற்கு முன், அவள் அந்த வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறக்கிறாள். உள்ளே போய்ச் சுவர்களை ஈரத்துணியால் துடைக்கிறாள். துடைத்துவிட்டு, குளிர்கிறதா என்று பார்ப்பதுபோல் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வருகிறாள். நெற்றியில் டோட்ஸே எழுதிய நீலம் உரிந்து, ‘பொறுமை’ போய்விட்டது. ‘இன்னும்’ மட்டும் இருக்கிறது.

அந்தப் பெட்டி எதில் ஓடியது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்ததே இல்லை.